வாசகர் கேள்விகள்: பானையும் சூளையும் வேளாரும்

மண்பாண்டத் தொழிலையும் அதைத் தலைமுறைகளாகச் செய்துவரும் குயவர் சமூகத்தையும் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

எங்கள் ஊரில் வேளார் என்கிறோம். என் மனைவி ஊரில், விழுப்புரம் பக்கம், உடையார் என்கிறார்கள். சாதிச் சான்றிதழ்ப் பட்டியலில் குலாலா என்று இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?
– சிவகங்கை வாசகர்

தொழில் மரபு ஒன்று. பெயர் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, நெல்லைச் சீமைகளில் வேளார். வட மாவட்டங்களில் உடையார் என்ற பட்டம். எழுத்தில் குயவர், குலாலர். சங்கப் பாடல்களில் வேட்கோ. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் குயவர், கும்பாரர் ஆகியோரைச் சேர்த்துக் 'குலாலா' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் குழப்பம் வரும். உடையார் என்ற பட்டம் நத்தமான், மலையமான், சுருதிமான் சமூகத்தாருக்கும் உண்டு. அதனால் பட்டத்தை மட்டும் வைத்து யாரையும் குயவர் என்று சொல்லிவிட முடியாது. வேளார் வேறு, வேளாளர் வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அறுபத்து மூவரில் ஒருவரான திருநீலகண்ட நாயனார் தில்லையில் மண்கலம் செய்து, அடியார்களுக்குத் திருவோடு கொடுத்துவந்த குயவர். எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் அவரைத் தங்கள் குலத்தவராக இந்தச் சமூகம் கொண்டாடுகிறது.

சக்கரத்தில் வைத்து வனையும்போது அடிப்பாகம் தட்டையாகத்தானே இருக்கும்? கடையில் வாங்கும் பானை எப்படி உருண்டை அடியோடு வருகிறது?
– திண்டுக்கல் வாசகி

நல்ல கேள்வி. சக்கரத்தில் நடப்பது பாதி வேலைகூட இல்லை.

முதலில் மண். கண்மாயிலோ குளத்திலோ எடுத்த களிமண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டியை உடைத்து, பிறகுதான் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஈரத்தோடு வந்த மண்ணை அப்படியே ஊறவைத்தால் உள்ளே கட்டி கரையாமல் நிற்கும். காய்ந்த மண் தண்ணீர் பட்டதும் தானாகப் பொலபொலவென்று உதிரும். ஊறியதில் வேர், நத்தை ஓடு, கல் ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டு, சலித்த மணலைச் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். மூன்று பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் என்பது தொடங்குவதற்கான கணக்கு. களி எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கிறதோ, அதற்கேற்ப மணல் கூடும் அல்லது குறையும். பென்சில் கனத்தில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் அதிகம். 10 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை செய்து முழுக்கக் காயவிடுங்கள். 9 செ.மீ.க்கும் கீழே சுருங்கினால் மணல் போதாது, அந்த மண்ணில் செய்யும் பானை காயும்போதே விரிசல் விடும்.

பழைய சக்கரம் கனமானது. நார் கலந்த களிமண்ணை விளிம்பில் அப்பி எடை ஏற்றியிருப்பார்கள். கோலால் ஒருமுறை சுழற்றிவிட்டால், பானையின் வாயும் கழுத்தும் தோளும் எழும் வரை அந்த வேகம் நிற்க வேண்டும். எடை இல்லாத சக்கரம் பாதியில் தளர்ந்துவிடும். தோள் வரை எழுந்ததும் அடியை நூலால் அறுத்து எடுத்துவிடுவார்கள். அப்போது அதற்குச் சரியான அடியே இருக்காது. சுவர் ஒரு விரல் கனத்துக்குத் தடித்து, கீழே திறந்தோ மொத்தையாகவோ இருக்கும்.

அதை நிழலில் வைத்துப் பதம் பார்ப்பார்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக்கூடாது. அதுதான் தட்டும் பதம். ஒரு கையில் வழவழப்பான குழவிக்கல்லைப் பிடித்து உள்ளே கொடுத்து, மறு கையில் மரத் தட்டுப்பலகையால் வெளியே தட்டித் தட்டி, தடித்த மண்ணைக் கீழ்நோக்கித் தள்ளி அடியை மூடுவார்கள். ஒட்டாமல் இருக்க இரண்டுக்கும் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். ஒரே மூச்சில் முடிக்க முடியாது. ஒரு சுற்று தட்டி, சற்று உலரவிட்டு, மறுபடி தட்ட வேண்டும். கடைசியில் சுவர் 4, 5 மில்லிமீட்டருக்கு மெலிந்து, பானை முதலில் இருந்ததைவிட நன்றாகப் பருத்திருக்கும். பதத்துக்கு முன்னால் தட்டினால் பானை சரியும். பதம் தப்பிய பிறகு தட்டினால் அடியில் மயிரிழை விரிசல் விழும். பச்சையில் அது கண்ணுக்குத் தெரியாது, சூளையில்தான் வாய் பிளக்கும்.

உருண்டை அடிக்குக் காரணம் நெருப்பு. தட்டை அடியும் சுவரும் சேரும் மூலையில் ஒரு பக்கம் முன்னே சுட்டு விரியும், மறுபக்கம் பின்தங்கும். அந்த இழுப்பில் மூலை விரிசல் விடும். உருண்டையில் மூலையே கிடையாது. மூன்று கல் அடுப்பில் ஆடாமலும் உட்காரும்.

புதிதாக வாங்கிய தொட்டிகளிலும் ஒரு சட்டியிலும் சில வாரம் கழித்து மேற்பரப்பு சில்லு சில்லாகப் பெயர்கிறது. ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி. உப்பா?
– விருதுநகர் வாசகர்

சுண்ணாம்பு. மண்ணில் இருந்த சுக்கான் கல் பொடியோ நத்தை ஓட்டுத் துண்டோ சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிட்டது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சி உப்பும்போது மேலே இருக்கும் ஓட்டைத் தள்ளிவிடுகிறது. மிளகளவு துண்டு போதும். மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிகட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது, ஆகவே செய்தவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். தொட்டி பாதகமில்லை. சமைக்கும் சட்டியில் இப்படி வந்தால் மாற்றிவிடுங்கள்.

பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து சிறிய சூளை கட்டினோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே பட் பட்டென்று பாதி வெடித்தது. மீதியை எடுத்தபோது நெடுக விரிசல். மண்ணில் காற்றுக்குமிழி இருந்ததுதான் காரணம் என்கிறார்கள்.
– கோவை, ஓவிய ஆசிரியர்

இரண்டும் தனித்தனிக் குறைகள். இரண்டுக்கும் காற்றுக்குமிழி மேல் பழி போடத் தேவையில்லை.

வெடித்தது தண்ணீரால். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் பச்சைப் பாண்டத்திலும் ஈரம் இருக்கும். பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். தீ வேகமாக ஏறினால் அந்த ஆவிக்கு மண்ணின் நுண்துளை வழியே வெளியேற நேரம் இருக்காது, சுவரை உடைத்துக்கொண்டு போகும். முதல் மூன்று மணி நேரம் புகைமூட்டம் மட்டும் போதும். மேல் துளைக்கு நேரே ஒரு எவர்சில்வர் மூடியை ஒரு நொடி காட்டி எடுங்கள். பனி படிந்தால் இன்னும் நீர் இருக்கிறது, தீயைக் கூட்டாதீர்கள். மூடி வறண்டு வந்த பிறகு விறகை ஏற்றலாம். பிள்ளைகள் செய்யும் பொம்மைகளில் உள்ளே கெட்டியாக மண் இருந்தால் பின்புறத்தில் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். சுவர் 1 செ.மீ.க்கு மேல் தடிக்க வேண்டாம்.

நெடுக விரிசல் விட்டது சூளையைச் சீக்கிரம் பிரித்ததால் இருக்கும். மணலில் உள்ள படிகக்கல் 573 டிகிரி செல்சியஸ் அளவில் சட்டென்று அளவு மாறும், ஏறும்போதும் இறங்கும்போதும். அந்த நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் குளிர்காற்று பட்டால் பாண்டம் தாங்காது. வெந்து முடிந்ததும் தீவாயை அடைத்து, மறுநாள் உள்ளே கை வைக்கும் சூடு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஆவலை அடக்குவது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

அடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெரியவை அடியில், வாய் கீழ் நோக்கி. இடுக்கில் சிறியவை. இடையிடையே தேங்காய் மட்டை, விறகு. மேலே உடைந்த ஓட்டாஞ்சில்லு பரப்பி, வைக்கோல் போட்டு, சேறு பூசிப் புகைத் துளைகள் விட வேண்டும். இருட்டில் பார்த்தால் உள்ளே மங்கிய சிவப்பு என்றால் 650, 700 டிகிரி. ஆரஞ்சு கலந்த சிவப்பு என்றால் 800ஐத் தாண்டியிருக்கிறது. ஊர்ச் சூளைகள் பெரும்பாலும் இதற்குள்தான் நிற்கும். வெந்ததா என்று தெரிய ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் குழைந்தால் அது இன்னும் மண்தான்.

வெந்துகொண்டிருக்கும்போது பச்சைத் தழையையோ சாணத்தையோ போட்டு எல்லாத் துளையையும் அடைத்தால் கரி ஏறிப் பாண்டம் கறுக்கும். பானையைக் கவிழ்த்து வாய்ப்பக்கம் சாம்பலில் புதைந்திருக்கும்படி சுட்டால் உள்ளும் வாயும் கறுப்பு, உடல் சிவப்பு. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகள் இந்த அறிவால் வந்த நிறம். சாயம் எதுவும் தேவைப்படவில்லை. மாணவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள்.

கேஸ் அடுப்பில் மண்சட்டி வைத்த மூன்றாம் நாளே கீறல் விட்டது. பழக்குவது எப்படி?
– சென்னை வாசகி

இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து எடுங்கள். அரிசி கழுநீரோ வடிகஞ்சியோ முக்கால் அளவு ஊற்றிச் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். கஞ்சியின் பசை நுண்துளைகளில் இறங்கி அடைக்கும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, ஈரம் போகக் காயவைத்து, உள்ளே நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் சூடேற்றுங்கள். வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் வைக்கவே கூடாது. கேஸ் பர்னரின் தீ வட்டமாக ஒரே இடத்தில் தாக்கும், விறகுத் தீ மாதிரி பரவாது. பர்னருக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு வைத்தால் சட்டி பிழைக்கும். இறக்கிய சட்டியை ஈரத் தரையில் வைக்காதீர்கள், வைக்கோல் பிரிமணை எதற்கு இருக்கிறது! சோப்பு வேண்டாம், துளைக்குள் போய் அடுத்த குழம்பில் வரும். சாம்பலோ கடலைமாவோ போதும்.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். மணி போல் ஒலித்தால் நன்றாக வெந்தது, மொத்தென்றால் வேகவில்லை அல்லது விரிசல் இருக்கிறது. கண்ணாடிபோல் பளபளக்கும் சட்டியை ஈரப் பஞ்சால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஏறினால் விட்டுவிடுங்கள். வார்னிஷ் அடித்தது அடுப்பில் வைத்ததும் நாறும்.

தண்ணீர்ப் பானை மதுரையில் நன்றாகக் குளிர்கிறது, சென்னையில் இல்லை. பானை மாறியதாலா?
– வாசகி, சென்னை

காற்று மாறியதால். பானை கசிந்து, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டருக்கு 10 மில்லி ஆவியானாலே, வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில், 5 டிகிரிக்கு மேல் குறையும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தம். காற்றோட்டமான இடத்தில் ஈரமணல் மேல் வையுங்கள். சில மாதத்தில் துளைகள் அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் ஒரு நாள் காயவைத்தால் திறக்கும். பெயிண்ட் அடித்த பானை குளிராது.

ஐயனார் கோயிலில் பானை செய்பவர் எப்படிப் பூசாரி ஆனார்? மண் குதிரை எப்படிச் செய்கிறார்கள்?
– புதுக்கோட்டை வாசகர்

சாமியின் உருவத்தையே மண்ணில் எடுத்துக் கொடுப்பவர் அவர். தென் மாவட்டங்களில் பல ஐயனார் கோயில்களில் பூசை வேளாருடையது. திருவிழா முடிவானதும் ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அந்த மண்ணைச் சேர்த்துப் புரவி செய்வார். நேர்த்திக்கடன் வைத்த குடும்பங்களுக்காகக் குதிரை, காளை, பிள்ளை வரத்துக்கு மதலை என்னும் குழந்தை உருவம் எல்லாம் அவர் கையில்தான். கண் திறப்பதும் அவரே. பின் புரவிப் பொட்டலில் இருந்து கோயிலுக்கு ஊரே தூக்கிக்கொண்டு போகும், புரவி எடுப்பு.

குதிரைக்கான மண்ணில் மணலோடு உமியும் நறுக்கிய வைக்கோலும் கூடும். அவை பச்சையில் நார்போலப் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஒட்டிய இடுக்குகள் வழியே ஈரம் வெளியேறும், பிறகு சூளையில் அவை எரிந்துவிடும். அதனால்தான் தடித்த சுவரும் வெடிக்காமல் வேகிறது. முதலில் நான்கு கால்களும் குழாய்களாக. அவை மேல் எடையைத் தாங்கும் அளவு இறுகிய பிறகே வயிறு, பிறகு மார்பு, கழுத்து, கடைசியில் தலை. ஒவ்வொரு கட்டத்திலும் சேர்க்கும் விளிம்பை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். காய்ந்த விளிம்பில் ஈரமண் சேராது, சேர்ந்ததுபோல் நின்று சூளையில் கழன்றுவிடும். உள்ளே முழுக்கக் கூடு, வயிற்றில் துளை உண்டு. அவசரப்பட்டு ஒரே நாளில் மேலே ஏற்றினால் முன்னங்கால் வளைந்து உட்கார்ந்துவிடும். இப்போது பல ஊர்களில் சிமெண்டில் நிரந்தரக் குதிரை வைத்துவிடுகிறார்கள். மண்ணில் செய்தது மழையிலும் வெயிலிலும் நாளடைவில் சிதைய, ஊர் மறுபடி பிடிமண் கொடுக்கும். அந்த ஏற்பாட்டில்தான் தொழில் கைமாறி வந்தது. ஒருமுறை சிமெண்ட் வந்துவிட்டால் வேளார் வீட்டில் குதிரை செய்யத் தெரிந்த கை அடுத்த தலைமுறையில் இருக்காது. வருத்தமாக இருக்கிறது.

கல்யாணத்தின் அரசாணிப் பானை, முளைப்பாலிகை, சாவின் கொள்ளிக்குடம் எல்லாம் கொடுத்தவர் அவரே. கூலியைக் களத்துமேட்டில் நெல்லாக அளந்தார்கள். கோயிலில் மரியாதை இருந்தும் களத்தில் கடைசியில் நின்று வாங்கும் நிலைதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீட்டுப் பட்ட செம்பைத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம், மண்பானையை உடைத்துத்தான் போட வேண்டும் என்பது சாதி வைத்த விதி. தீண்டாமையின் கொடுமையில் உடைந்த பானைகளும் குயவர் வீட்டு வியாபாரத்தில் ஒரு பங்கு. பழைய கிராமத்தைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பெண்கள் சக்கரத்தில் உட்காரக்கூடாது என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். சரியா?
– வேளார் வீட்டுப் பெண், மதுரை மாவட்டம்

சரியில்லை. மண் மிதிப்பது, தட்டுவது, காவிக் குழம்பு பூசுவது, சூளைக்கு அடுக்கிக் கொடுப்பது, தலையில் சுமந்து சந்தையில் விற்பது எல்லாம் பெண்கள் செய்ததுதான். மேலே விளக்கியபடி பானையை முழுமையாக்குவது தட்டுதான். மானாமதுரையில் கடம் செய்யும் வீட்டைப் பாருங்கள். வனைந்தெடுத்த கடத்தை நாள்கணக்கில், ஆயிரக்கணக்கான முறை தட்டினால்தான் சுவர் எங்கும் ஒரே கனமாகி நாதம் பிறக்கும். ஓரிடம் தடித்தால் அங்கே ஒலி செத்துவிடும், சுட்ட பிறகு திருத்தவும் முடியாது. அந்தத் தட்டு வேலையைச் செய்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் வந்தது. கோலால் சுழற்றும் கனச் சக்கரத்தைக் காரணம் காட்டிய காலமும் போய்விட்டது. மின்சக்கரத்துக்குப் பலம் தேவையில்லை. உட்காருங்கள்.

நான் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. இந்தத் தொழிலைக் கற்றுச் செய்ய அரசு உதவி கிடைக்குமா? மண் எங்கே எடுப்பது?
– சேலம் வாசகர்

கிடைக்கும். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்களுள் மண்பாண்டமும் உண்டு. ஆனால் விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் குறைந்தபட்ச வயது 18 என்பதும் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து குலத்தொழிலுக்கு இழுக்கும் என்று தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. அதற்குப் பதிலாக 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 கைத்தொழில்கள், சாதி நிபந்தனை இல்லை, 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியில் 5 சதவீதச் சலுகை. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். சாதி பார்க்காத இந்த ஏற்பாடு நியாயமானது என்றே கருதுகிறேன். பிறப்பால் வந்த கட்டாயமாக இருந்தபோது இந்தத் தொழில் வேளார் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. விரும்பி வருபவர்கள் சேர்ந்தால்தான் அது நிற்கும். ஆனால் கற்பது வேளார் வீட்டில்தான் கற்க வேண்டியிருக்கும், அதற்கு உரிய சம்பளத்தைப் பேசிக் கொடுத்துவிடுங்கள்.

கண்மாய், ஏரி மண்ணை அனுமதியின்றி அள்ளினால் வழக்கு வரும். மண்பாண்டத் தொழிலுக்கு வண்டலும் களியும் கட்டணமில்லாமல் எடுக்க விதி இடம் தருகிறது. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம், முன்புபோல் ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை. அரசு அறிவித்த நீர்நிலைப் பட்டியலில் உங்கள் ஊர்க் குளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீர் வற்றிய கோடையிலேயே ஒரு வருடத்துக்கு வேண்டிய மண்ணை எடுத்துக் குவித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண்ணும் கிடைக்காது, செய்ததும் காயாது, சூளையும் மூட்ட முடியாது. கார்த்திகை விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் வேண்டியதை ஆவணிக்குள் வனைந்து உலர்த்திவிட வேண்டும்.